போத்தல் இல்லாத வைன்

வைன் செய்யக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழம், சீனி, தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் பொறுமை. மீதியை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வரும் வேலையைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. 23 லிட்டர் அன்னாசி வைன் தெளிந்து நிற்கிறது என்றால் அதை அடைக்க 30 போத்தல் வேண்டும். முப்பதையும் யார் யாரிடமோ கேட்டுச் சேர்க்க வேண்டும். ஊறவைத்து லேபிளைச் சுரண்ட வேண்டும், உள்ளே பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும், மருந்துத் தண்ணீரில் அலசிக் கவிழ்க்க வேண்டும். பிறகு கார்க், கார்க் அடிக்கும் கருவி, அதை அழுத்தத் தோளில் தெம்பு. எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் குடிப்பது நானும் மனைவியும், இரவுச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். கிறிஸ்மஸுக்கு மட்டும் கூட்டம் வரும். இதற்கு எதற்கு முப்பது போத்தல்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரில் இருக்கிறோம். சுற்றிலும் செம்பனை, அதற்கு முன் பால்மரம். செம்பனை மில்லில் ஃபிட்டராக இருந்தவன் நான். பைப்பு, வால்வு, வாஷர், கேஸ் சிலிண்டர் இவற்றோடுதான் பாதி ஆயுள் போனது. அதனால் வைனைப் போத்தலில் அடைக்காமல் வைத்துக் குடிப்பது எப்படி என்ற கேள்வி எனக்குச் சமையலறைக் கேள்வியாகத் தோன்றவில்லை. தொட்டியிலிருந்து ஒன்றை வெளியே எடுக்கும்போது அந்த இடத்தை எது வந்து நிரப்புகிறது? கேள்வியே அவ்வளவுதான்.

காற்று வந்து நிரப்பினால் கதை முடிந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் இறக்கிய கள் இனிக்கும், மத்தியானம் ஏறும், மறுநாள் முகத்தைச் சுளிக்கவைக்கும். சீனியைச் சாராயச் சத்தாக மாற்றுவது ஈஸ்ட். அந்தச் சத்தைக் காற்றின் துணையோடு காடியாக, அதாவது வினிகராக, மாற்றுவது வேறொரு நுண்ணுயிர், அசிட்டோபாக்டர் என்பார்கள். வைனில் சத்து 10, 12 சதவீதம் இருப்பதால் கள் அளவுக்கு அவசரமாகப் புளிக்காது. ஆனால் அதே வழியில்தான் போகும்.

கிருமி இல்லாவிட்டாலும் காற்று சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் நேராகவே வைனில் வேலை செய்யும். அன்னாசி வைனின் பொன்னிறம் தேயிலைச் சாயமாகும், வெட்டிவைத்த ஆப்பிள் வாசம் வரும். ரோசெல் என்ற புளிப்புப் பூவில் செய்யும் வைனின் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு லிட்டர் வைன் ஒரு தடவைக்குக் கரைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ 270 மில்லிகிராம் அளவு. அதாவது பாத்திரத்தில் ஒரு லிட்டர் காலியிடம் விட்டால், முப்பது லிட்டர் வைனைக் கெடுக்கப் போதுமான சரக்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் நம் ஊர் வெயில். ஐரோப்பாக்காரன் நிலவறையில் 12, 13 டிகிரியில் வைக்கிறான். நம் அடுப்படியில் மத்தியானம் 31, 32. பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வேலைகள் சுமார் இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். புத்தகத்தில் ‘ஆறு மாதம் தாங்கும்’ என்று போட்டிருந்தால் நாம் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் பக்கத்தில் இதை நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர்கள் பூச்சோவ் சீனர்கள். 1903இல் மெத்தடிஸ்ட் சபை வழியாகச் சீனாவிலிருந்து வந்து சித்தியவானில் குடியேறியவர்களின் வம்சம். புளுட் என்ற ஒட்டும் அரிசியை வேகவைத்து, சிவப்பு ஈஸ்ட் அரிசியும் மாவுக்கட்டியும் கலந்து ஜாடியில் போட்டு, சிவப்பு வைன் எடுப்பார்கள். கோழியும் இஞ்சியும் மீசுவா என்ற மெல்லிய சேமியாவும் போட்ட சூப்பில் அதை ஊற்றினால் தெருமுனை வரை மணக்கும். பிள்ளை பெற்ற வீட்டில் அது பத்தியச் சாப்பாடு. எங்கள் பின்வரிசையில் ஒரு பாட்டி, எல்லோருக்கும் ஆ மா. அவர் வீட்டுப் பின்கட்டில் இடுப்புயர ஜாடிகள், வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் கட்டி இறுக்கியவை, வரிசையாக நிற்கும். ஒரு தடவை மூடியருகே மூக்கைக் கொண்டுபோனேன். ‘ஜாங்ஙான் புக்கா! மாசாம்!’ என்று அதட்டினார். திறக்காதே, புளித்துப்போகும். அவர் ஒரு ஜாடியைத் திறந்தால் அன்றைக்கே வடிகட்டி, மகள் வீடு, மருமகள் வீடு, கோயில் வீடு என்று எல்லாவற்றையும் பங்கு போட்டு முடித்துவிடுவார். அடிமண்டி தனியாகக் கறிக்குப் போகும். தினம் ஒரு கரண்டி எடுப்பது என்ற பேச்சே அங்கே கிடையாது.

ஜாடி வைத்திருக்க உகந்தது, எடுத்து எடுத்துக் குடிக்க உகந்தது அல்ல. ஜார்ஜியாவில் மண்ணுக்குள் புதைக்கும் பெரிய களிமண் தாழிகளில் வைன் செய்யும் முறைக்கு 2013இல் யுனெஸ்கோ பண்பாட்டு அங்கீகாரம் கொடுத்தது. அங்கேயும் கதை இதுதான். நிரப்பு, மூடு, திறந்தால் சீக்கிரம் காலி பண்ணு.

இதைத் தெரிந்துகொண்டால், கிறிஸ்மஸ் சமயத்தில் பேரங்காடிகளில் அடுக்கிவைக்கும் பைப்பு வைத்த கண்ணாடி ஜாடியின் யோக்கியதை விளங்கிவிடும். பார்க்க அழகு. மேசைமேல் வைத்துச் சர்பத் ஊற்றலாம். வைனுக்கு அதைவிட மோசமான பாத்திரம் இல்லை. கீழே ஒரு கிளாஸ் இறங்கினால் மேலே ஒரு கிளாஸ் காற்று ஏறும். மூடியை இறுக்கினால் கொஞ்ச நேரத்தில் பைப்பில் வராது, தளர்த்தினால்தான் வரும். தளர்த்துகிற அந்த நேரத்தில் வெளிக்காற்று உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒரே இரவில் காலியாகும் விருந்துக்கு வாங்கலாம், தப்பில்லை. மறுவாரம் வரை அதில் வைத்திருப்பது வைனுக்கு அநியாயம்.

காலியிடத்தை அடைக்கப் பழைய தந்திரங்கள் உண்டு. ஊறுகாய் ஜாடியில் மேலே ஒரு விரல் நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். இத்தாலிக்காரர்களும் கூடை பின்னிய குடுவைகளில் வைன்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் காற்றைத் தடுத்தார்கள். தடுக்கும்தான். ஆனால் ஊற்றும்போது கிளாஸில் எண்ணெய் மிதக்கும். கண்ணாடிக் கோலிகளைக் கழுவிப் போட்டு மட்டத்தை உயர்த்துபவர்களும் இருக்கிறார்கள். ஒரு லிட்டர் இடத்தை நிரப்ப எத்தனை கோலி வேண்டும் என்று போட்டுப் பாருங்கள், தெருப் பிள்ளைகள் அத்தனை பேருடைய சட்டைப்பையையும் காலி பண்ண வேண்டியிருக்கும். பெரியதிலிருந்து சின்னதுக்கு, சின்னதிலிருந்து அதைவிடச் சின்னதுக்கு மாற்றிக்கொண்டே போவதும் ஒரு வழி. மாற்றும் ஒவ்வொரு தடவையும் காற்று படும், கழுவும் வேலையும் திரும்ப வரும். அதற்குப் போத்தலே மேல்.

இனி ஃபிட்டருக்குப் பிடித்த விஷயம். கார்னி கெக் என்று வீட்டில் பீர் செய்பவர்கள் சொல்வார்கள். குளிர்பானச் சிரப்புக்காக வந்த எவர்சில்வர் உருளை, 19 லிட்டர். மேலே முட்டை வடிவ மூடி, இரண்டு வாய். ஒன்றில் கேஸ் உள்ளே போகும், அதன் குழாய் குட்டை. இன்னொன்றில் வைன் வெளியே வரும், அதன் குழாய் அடிவரை நீளம். காலியாகும் இடத்தைக் காற்றுக்குப் பதில் கேஸ் நிரப்புகிறது. தத்துவம் குறை சொல்ல முடியாதது.

என்ன கேஸ் என்பதில்தான் சிக்கல். எளிதில் கிடைப்பது கார்பன் டைஆக்சைடு. ஆனால் அது வைனில் கரையும், குளிரக் குளிர அதிகமாகக் கரையும். ஐஸ்பெட்டிக்குள் கெக்கை வைத்துத் தினமும் அதே கேஸில் தள்ளினால், கொஞ்ச நாளில் நாக்கில் சுருக்கென்று குத்தும். வெள்ளை வைனுக்கு அந்தச் சுருக்கு அழகு என்று சொல்பவர்கள் உண்டு. ரோசெல்லுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நைட்ரஜன் கிட்டத்தட்டக் கரையாது, அதுதான் சரியான ஆள். ஆனால் அதன் சிலிண்டர் முழுதாக இருக்கும்போது 150 பார், அதற்கும் மேலே. ரெகுலேட்டர் வேறு, சிலிண்டர் கனம் வேறு. கார்பன் டைஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக உட்கார்ந்திருக்கும், 20 டிகிரியில் 57 பார் அளவு. 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்க முடியாது, அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் கார் பூட்டில் மத்தியானம் சிலிண்டரை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆர்கானா என்று கேட்பார்கள். எவர்சில்வர் வெல்டிங்குக்கு மில்லில் ஆர்கான்தான். காற்றைவிடக் கனம், போர்வை மாதிரி வைன்மேல் படுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மை கொஞ்சம்தான். எந்தக் கேஸும் பக்கத்துக் கேஸோடு மெல்ல மெல்லக் கலந்துவிடும், மூடி திறந்து கிடந்தால் போர்வை நிலைக்காது. ஒர்க்‌ஷாப் சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவருவதிலும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே இருக்கும் கேஸின் சுத்தத்தைப் பற்றியல்ல என் சந்தேகம். அந்த ஹோஸும் ரெகுலேட்டரும் கிரீஸ் கையால் எத்தனை தடவை கழற்றிப் பூட்டப்பட்டவை என்று எனக்குத் தெரியும்.

கெக்கில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. வைனைத் தள்ள 2 முதல் 5 பிஎஸ்ஐ போதும். ஆனால் அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அந்த மூடி சரியாக உட்காராது, ஓரத்தில் கசியும். முதலில் 30 கொடுத்து ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை அமர்த்திவிட்டு, பிறகு வால்வில் இறக்கிக் குறைக்க வேண்டும். இன்னொன்று பைப்பு. பீருக்கு விற்கும் மலிவான பைப்புகள் பித்தளைமேல் குரோம் பூசியவை. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக்கூடாது, களிம்பு ஏறும் என்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வைன் புளியைச் சேர்ந்ததுதான். பூச்சு தேய்ந்தால் செம்பு இறங்கும். எவர்சில்வர் பைப்பே வாங்குங்கள்.

சொந்தக்காரர்கள் நிறையப் பேர், மாதம் ஒரு விருந்து, வைக்கத் தனி ஐஸ்பெட்டி, இதெல்லாம் இருந்தால் கெக் வாங்கலாம். இரண்டு பேர் குடிக்கும் வீட்டுக்கு அது அதிகம். மில்லில் இருந்து வந்தவன் நான்தான் இதைச் சொல்கிறேன்.

நான் போய் நின்ற இடம் பை. பெட்டிக்குள் பை, பையில் பைப்பு. 1965இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் என்ற வைன்காரர் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்பே அமெரிக்காவில் பேட்டரி ஆசிட் கொண்டுபோக அதே மாதிரிப் பை இருந்தது என்பது இன்னொரு வேடிக்கை. ஆரம்பத்தில் மூலையை வெட்டி ஊற்றி, திரும்ப மடித்துக் கவ்வி போட வேண்டியிருந்ததாம். பைப்பு அப்புறம் வந்தது. வைன் குறையக் குறையப் பையும் சுருங்கும். எதுவும் உள்ளே போக வேண்டியதில்லை. கேஸ் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், ரெகுலேட்டர் வேண்டாம். பிரச்சினையை இவ்வளவு சுத்தமாகத் தீர்த்த பொருளைப் பார்த்து, இத்தனை வருடம் வால்வு மாட்டியவனுக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது உண்மை.

5 லிட்டர் பைகள் இணையக் கடைகளில் புதியதாகவே கிடைக்கின்றன. 23 லிட்டருக்கு நாலு பை, ஒரு 3 லிட்டர்ப் பை. முப்பது போத்தலுக்குப் பதில் ஐந்து. நிரப்பும் வேலை மேசையோரத்தில் நடக்கும். பைப்பைப் பிடித்து மேலே நெம்பினால் ‘டப்’ என்று கழன்றுவரும். பைக்குள் கொஞ்சம் சல்பைட் (கிருமியையும் ஆக்சிஜனையும் மடக்கும் மருந்து) கரைத்த தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து, பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு ஜாடியிலிருந்து டியூப், அதன் நுனி பையின் அடியைத் தொடும்படி. மேலிருந்து விழுந்தால் நுரைக்கும், நுரைத்தால் காற்று கலந்தது என்று பொருள். பை மெல்ல எழுந்து உட்காரும், தூக்கத்திலிருந்து எழுகிற குழந்தை வயிறு போல. கழுத்து வரை வந்ததும் டியூபை உருவி, பையின் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் வைன் வாயில் வந்து மினுங்கும். அந்த நொடியில் பைப்பை வைத்து அமுக்க வேண்டும். இன்னொரு ‘டப்’. அப்படியும் ஒரு குமிழ் உள்ளே தங்கும். பைப்பை மேலாகத் திருப்பி, குமிழ் கழுத்துக்கு வரும்வரை தட்டி, பைப்பைத் திறந்து அமுக்கினால் முதலில் ஒரு மூச்சு, பிறகு ஒரு சொட்டு. சொட்டு வந்தால் மூடலாம். மனைவிக்கு இது இப்போது என்னைவிட நன்றாக வரும். ‘என்னாங்க, பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அமுக்கிறது நான்’ என்று பொறுப்பை வாங்கிக்கொண்டாள்.

பைக்குள் போகும் வைன் முழுதாகப் புளித்து ஓய்ந்திருக்க வேண்டும். போத்தலில் வேலை பாக்கியிருந்தால் போத்தல் வெடிக்கும், பையில் பாக்கியிருந்தால் பை பலூனாகும். வைனின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.000க்குக் கீழே வந்து நாள் கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். அதற்குமேல், கரைந்திருக்கும் வாயுவையும் கிளறி வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் சூட்டில் அதுவே பிரிந்து பையை ஊதும். இனிப்பு வைன்தான் வேண்டும் என்றால் ஈஸ்ட் மறுபடி கிளம்பாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேட் போடாமல் சீனி சேர்க்காதீர்கள்.

சல்பைட் பயம் நம்மவர்களுக்கு நிறைய. மருந்து, மருந்து என்பார்கள். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஒரு கிராம் 10 லிட்டரில் கரைந்தால், ஒரு லிட்டருக்கு 57 மில்லிகிராம் அளவு கந்தக டைஆக்சைடு கிடைக்கும். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனை மடக்க ஏறக்குறைய நாலு மில்லிகிராம் செலவாகும். மேலே சொன்ன 8 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு 32 போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். புளிப்பு அதிகமான வைனுக்குக் குறைவாகப் போதும், ரோசெல் அந்த வகை. அன்னாசி, பழத்தைப் பொறுத்து முன்பின் இருக்கும், அதனால் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்பைட் ஆகாது. விருந்துக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு ஊற்றுவது மரியாதை.

பைக்கும் ஆயுள் உண்டு. பிளாஸ்டிக் எதுவானாலும் மெல்லக் காற்று ஊடுருவும், சூட்டில் இன்னும் வேகமாக. நல்ல பை உள்ளே பாலிஎதிலீன், வெளியே உலோகம் பூசிய படலம் அல்லது ஆக்சிஜன் தடுக்கும் வேறொரு அடுக்கு என்று இருக்கும். கடையில் விற்கும் பெட்டி வைனையே ஒரு வருடத்துக்குள் குடிக்கச் சொல்கிறார்கள், திறந்தபின் நாலு முதல் ஆறு வாரம். பல வருடம் முதிர வைக்கும் ஆசை இருந்தால் போத்தலுக்கே போங்கள், அதில் வெட்கமில்லை. நான் செய்வது அன்னாசியும் ரோசெல்லும். இரண்டும் இளமையில்தான் ருசி. பழைய சின்ன ஐஸ்பெட்டி ஒன்றில் தெர்மோஸ்டாட்டை மாற்றி 13 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். வைன் அதில் தனியாக இருக்கும். வீட்டுக்கு வரும் மலாய் நண்பர்களுக்குத் தண்ணீரும் சிரப்பும் எடுக்கும் பெட்டி வேறு. அது சொல்லாமலே எல்லோருக்கும் சௌகரியம். பயன்படுத்திய பையைக் கழுவித் திரும்ப நிரப்புவதில்லை. மடிந்து சுருங்கிய கோடுகளில் அந்தப் படலம் விரிசல் விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

பைப்பு மூக்கை மறக்காதீர்கள். ஊற்றி முடித்ததும் ஒரு சொட்டு அங்கே தொங்கும். எங்கிருந்து வருமோ, பழ ஈ வந்து உட்கார்ந்துவிடும். அதன் காலில்தான் காடிக் கிருமி வருகிறது. சல்பைட் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியை மாட்டிவிட்டால் தீர்ந்தது.

பைப்புக்கு இன்னொரு குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மச்சான் ஒருவர் முதல்தடவை பார்த்தபோது, ‘இது தண்ணிப் பைப்பு மாதிரி லா, மச்சான். மீட்டர் கிடையாதா?’ என்று சிரித்தார். கேள்வி சரியானது. போத்தல் காலியானால் கண்ணுக்குத் தெரியும், இன்னொன்றைத் திறக்க எழுந்துபோக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் பையில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. நாம் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் நினைக்க வேண்டும். தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை வைத்திருந்த காலம் அது, கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு அதே தோட்டத்தில் திரும்பப் போனது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இதே காரணத்துக்காகத் தெருவில் இறங்கியது. கள்ளுக்குப் பின் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்துப் பலர் இறந்தார்கள். வீட்டு வைன் என்றதும் சிலர் அதை நினைத்துப் பயப்படுகிறார்கள். பழத்தைப் புளிக்கவைப்பதில் அந்த அளவு மெத்தனால் வராது. காய்ச்சி வடிக்காதவரை, வெளியிலிருந்து எதையும் கலக்காதவரை அந்தப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது அளவைப் பற்றி. குடியை அடக்க முடியாத ஆள் இருக்கும் வீட்டில் இந்தப் பெட்டியை வைக்காதீர்கள், 3 லிட்டர்ப் பைகூட வேண்டாம். என்னிடம் பை கேட்டு வந்த ஒரு தம்பிக்கு இந்தக் காரணத்துக்காகவே தர மறுத்தேன். அவன் அப்பாவை எனக்குத் தெரியும். விற்பதும் இல்லை. அதற்கு உரிமம் வேண்டும், எனக்கு வியாபாரமும் வேண்டாம்.

எங்கள் வீட்டு மீட்டர் ஒரு சமையல் தராசு. பெட்டியைத் தூக்கி வைத்து, அட்டையில் பென்சிலால் எடையைக் குறிப்பாள் மனைவி. ஒரு லிட்டர் வைன் ஏறக்குறைய ஒரு கிலோ, அதனால் கணக்கு எளிது. கிறிஸ்மஸுக்கும் அதே கணக்குத்தான். 150 மில்லி கிளாஸில் ஊற்றினால் 5 லிட்டர்ப் பையில் 33 கிளாஸ், கேக் வெட்ட வருகிற கூட்டத்துக்கு இரண்டு பை தாராளம். பையின் கடைசி அரை லிட்டர் பைப்பில் தானாக வராது. பெட்டியைக் கிழித்துப் பையை வெளியே எடுத்து, மூலையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து பிழிய வேண்டும். அதைக் குடிப்பதில்லை. வாயகன்ற சீசாவில் ஊற்றி, மேலே துணி கட்டி, அடுப்பு மேடையில் காற்றுப்பட வைத்துவிடுகிறோம். காடியானதும் பன்றி இறைச்சிப் பிரட்டலுக்கு ஊறவைக்க எடுத்துக்கொள்வாள். அன்னாசிக் காடி அதற்கு நல்ல பொருத்தம், ரோசெல் காடியில் கறி கொஞ்சம் கறுத்துவிடும்.